ஏழரை பிடித்த நிரூபணம்

பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டுக் கணித மாணவர்களின் ப்ராஜெக்ட் பிரசென்டேஷனுக்குப் போயிருந்தேன். பாடம் நடத்தி ஓய்ந்தவன் என்பதால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு அழைப்பு இப்படி வரும். ஆளுக்கு இருபது நிமிடம். முன்வரிசையில் கைடு, வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், என்னைப்போல் ஓரிரு கிழங்கள். பின்வரிசைகள் காலியாகத் தெரியக்கூடாதென்று முதலாண்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். ஸ்லைடு ஓடும். பேச்சு முடியும். "எனி கொஸ்டின்ஸ்?" என்பார் கைடு. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். பிறகு கைத்தட்டல், அடுத்த ஆள்.

அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. முக்கால்வாசிப் பேருக்கு மூன்றாவது ஸ்லைடிலேயே பிடி நழுவியிருக்கும். பக்கத்தில் இருப்பவன் தலையாட்டுகிறானே என்று நாமும் ஆட்டுவோம். அவனும் நம்மைப் பார்த்துத்தான் ஆட்டியிருப்பான்.

நாலாவதாக ஒரு பெண் வந்தாள். ஸ்லைடை அணைத்துவிட்டுச் சாக்பீஸைக் கையில் எடுத்தாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டது ராமானுஜனின் புகழ்பெற்ற அடுக்கு வர்க்கமூலம். ஒரு மூலக்குறிக்குள் 1 கூட்டல் 2 பெருக்கல் இன்னொரு மூலம். அதற்குள் 1 கூட்டல் 3 பெருக்கல் மற்றொரு மூலம். அதற்குள் 4, அப்புறம் 5 என்று வெங்காயம் உரிப்பதுபோல் முடிவில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதன் மதிப்பு என்ன என்று 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வாசகர்களைக் கேட்டார். இதழ்கள் வந்துபோயின, ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

வழி, குழந்தைக்கும் சொல்லலாம் போல எளிமையானது. 3 என்பது 9இன் மூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4, 16இன் மூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25இன் மூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உரித்துக்கொண்டு போனால் புதிரின் உருவம் தானாக வந்து நிற்கும். அரங்கமே முகம் மலர்ந்தது.

"எனி கொஸ்டின்ஸ்?"

கடைசி வரிசையில் ஒரு பொடியன் கையைத் தூக்கினான். "அக்கா, நாலுல ஆரம்பிச்சா?"

யாருக்கும் புரியவில்லை. எழுந்து வந்து எழுதிக் காட்டினான். 4 என்பது 16இன் மூலம். 16 என்பது 1 + 2 × 7.5. அந்த 7.5, 56.25இன் மூலம். அது 1 + 3 × 18.41 சொச்சம். "இப்படியே உள்ள போனா, விடை நாலுன்னும் நிரூபிச்சிடலாமே?"

"ஏழரை வந்துடுச்சுப்பா" என்று யாரோ தமிழில் முணுமுணுக்க, புரிந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு, "தெரியல. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். எக்ஸ்டர்னல் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருந்தால் சரி. என் கையில் பேனா இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்துக்கே முழுசாகப் போட்டிருப்பேன்.

இதே ஊரில்தான், நூறு ஆண்டுக்கு முன்னால், சென்ட்ரல் காலேஜில் எம்.டி. நாராயண ஐயங்கார் என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். ராமானுஜன் புதிர் போட்ட அதே இதழுக்கு அவர்தான் ஆசிரியர். பெர்னூலி எண்களைப் பற்றிய ராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் வெளியாகுமுன் அவர் மேஜைக்கு வந்தது. படிகள் விட்டுப்போயிருந்தன, எழுத்து தந்திபோல் சுருங்கிக் கிடந்தது. திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார், ஒரு முறைக்கு மேல்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஐயங்காரைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்: மேதை வாசலில் வந்து நின்றபோது அடையாளம் தெரியாத மனிதர் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியவர் எஃப்.ஏ. தேர்வில் தோற்ற, நிலையான வேலை இல்லாத இளைஞர். குப்பைக்கூடையில் போட்டிருந்தால் கேட்க நாதியில்லை. புரியாமலே அச்சுக்கு அனுப்பியிருந்தாலும் பிழைப்பு ஓடியிருக்கும். ஐயங்கார் அந்த இரண்டையும் செய்யவில்லை. எனக்கு விளங்கவில்லை, விளங்கும்படி எழுதுங்கள் என்று கேட்டார். பட்டமில்லாத ஒருவரிடம் ஒரு பேராசிரியர் அப்படிக் கேட்பது, எதிராளியைச் சமமாக வைத்தால் மட்டும் நடக்கிற காரியம். அதே ராமானுஜன் 1916இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. வாங்கியது பரீட்சை எழுதியல்ல, ஆய்வுக் கட்டுரையைக் கொண்டு.

பொடியனின் கேள்விக்கு வருகிறேன். ராமானுஜன் இதழில் தந்த விடையும் அதைத் தொடவில்லை. உள்ளே உள்ளே போகும்போது மிச்சமாக நிற்கும் எண், விடையைக் கெடுக்காது என்பதற்கு என்ன உறுதி? அவர் மறைந்தபின் 1927இல் வந்த கட்டுரைத் தொகுப்பில், இத்தகைய அடுக்குகள் எப்போது ஒரு மதிப்பில் வந்து அடங்கும் என்பதற்கான நிபந்தனையைத் தந்தவர் தி. விஜயராகவன். பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்குப் புரியவில்லை, அதனால் கேட்டான்.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸ், அதை ஊருக்கு அறிவிக்குமுன் பிரின்ஸ்டனில் ஒரு வகுப்பாக நடத்திப் பார்த்தார். எதற்கு இந்தக் கணக்கு என்று தெரியாத மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நிக் காட்ஸ் என்ற சக பேராசிரியர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். ஓட்டை தெரியவில்லை. 1993 ஜூன் 23 அன்று கேம்பிரிட்ஜில் அறிவிப்பு, உலகெங்கும் தலைப்புச் செய்தி. அதன்பிறகு அதே காட்ஸ், கையெழுத்துப் பிரதியைச் சரிபார்ப்பவராக வரிவரியாகப் படித்து, இது எப்படி, அது எப்படி என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டே வந்தார். அப்படி ஒரு கேள்வியில்தான் நிரூபணத்தின் தரை உடைந்து பள்ளம் தெரிந்தது. அதை நிரப்ப 1994 செப்டம்பர் ஆயிற்று. வகுப்பில் கேட்டபோது நழுவியது, அதே ஆள் கேள்வி கேட்டபோது அகப்பட்டது.

நம் அரங்கேற்றம் இதை அறிந்திருந்தது. இன்று அந்தச் சொல்லுக்குப் பெங்களூரில் பரதநாட்டியம், வாடகை ஹால், வந்தவர்களுக்கு டிபன் என்று பொருளாகிவிட்டது. முன்பு புலவன் அவையில் நூலை வைப்பான். கற்றவர்கள் தடை எழுப்புவார்கள். அவன் விடை சொல்வான். தடை எழுப்புவது பகை என்று எண்ணப்படவில்லை. அது அவையின் கடமை. அதற்குப் பிறகே ஏடு நூலாயிற்று. திருக்குறளில் அவை அஞ்சாமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அவையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அஞ்சாமை வேண்டும் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். எனக்குப் புரிந்துவிட்டது என்று நான் நம்புவதில் பாதிக்குமேல் எதிரே ஆடும் தலைகள் தந்த கடன். ஒரு தலை ஆடாமல் நின்றால்தான் என் கையிருப்பு எவ்வளவு என்று எனக்கே தெரிகிறது. புரிதல் ஒரு மண்டைக்குள் முழுசாக விளைவதில்லை. இரண்டு பேருக்கு நடுவில், ஒருவர் கூச்சத்தை விடும் இடத்தில் அது முளைக்கிறது. ஆனால் கேட்டவனுக்கு மதிப்பெண் போடும் கட்டம், நான் பார்த்த எந்த மதிப்பெண் தாளிலும் இல்லை.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. கேன்டீன் கூரைக்கு ஒதுங்கினேன். அங்கே அந்தப் பெண்ணும் பொடியனும், நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. அவன் போனில் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 4, 7.5, 18.4, 84.5, 1429...

"பாரு, மூணுல ஆரம்பிச்சா 4, 5, 6, 7ன்னு படிப்படியா ஏறுது. நாலுல ஆரம்பிச்சா பிச்சிக்கிட்டு ஓடுது" என்றாள்.

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிக்கா. எவ்வளவு வேகமா ஓடினா தப்பு?"

அவள் தாளைத் திருப்பி, எழுத இடம் தேடினாள்.