அந்தத் தாய்க்கு யார் விடை சொல்வது?

துன்பத்தோடு ஒருவர் நம் வீட்டுக்கு வருகிறார். உள்ளே அழைத்து இருத்துகிறோம், தேநீர் கொடுக்கிறோம். அவர் தம் கதையைப் பாதி சொல்லுமுன்பே நம் வாய் திறந்துவிடுகிறது. "நீர் இப்படிச் செய்திருக்கக் கூடாது", "நான் சொல்வதைக் கேளும்", "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று புத்திமதிகளை அள்ளி வழங்குகிறோம். வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். நாமும் ஒரு நற்பணி செய்த நிறைவோடு இருந்துவிடுகிறோம். அவருடைய பாரம் இறங்கியதா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனம் நொந்தவருக்கு வழி சொல்லிக் கொடுப்பது அறமா? அவரே வழியைக் காணும்வரை உடனிருப்பது அறமா? இது திண்ணைகளில் மட்டும் எழும் கேள்வியன்று. உளவளத்துணை, உளச்சிகிச்சை ஆகிய துறைகளின் அறிஞர்களும் இதில் நெடுங்காலமாக மாறுபட்டே நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய கொள்கைகளைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்பது குடும்பங்களில் வாழும் நமக்கும் பயன் தரும்.

முதலில் வியன்னா நகருக்குச் செல்வோம். அங்கே மருத்துவர் சிக்மண்ட் புரொய்ட், தம் நண்பர் புரோயருடன் சேர்ந்து 1895ஆம் ஆண்டில் ஹிஸ்டீரியா நோய் பற்றிய நூலை வெளியிட்டார். புரோயரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர், மனத்தில் கிடந்தவற்றை வாய்விட்டுச் சொல்லும்போது தம் நோய்க்குறிகள் தணிவதை உணர்ந்தார். அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று அவரே பெயரிட்டார். புரொய்ட் இதை மேலும் வளர்த்தார். நோயாளி சாய்ந்து படுத்தபடி, மனத்தில் தோன்றும் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கனவுகளையும் சொல்ல வேண்டும். அவற்றில் மறைந்திருக்கும் பொருளை மருத்துவர் விளக்குவார். மனிதன் தன்னைத் தானே முழுதும் அறியாதவன், அவனுடைய நனவிலி மனமே அவனை ஆட்டுவிக்கிறது என்பது இக்கொள்கையின் அடிப்படை.

நடத்தைச் சிகிச்சையாளர்கள் இதற்கு நேர்மாறானவர்கள். மறைபொருள் எதையும் தோண்ட வேண்டியதில்லை. பயம் என்பது கற்றுக்கொண்ட பழக்கம், கற்றதை மாற்றிக் கற்கலாம் என்பது அவர்கள் கட்சி. 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமாக உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். நாளடைவில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். தென்னாபிரிக்காவில் பிறந்த ஜோசப் வோல்ப் இவ்வழியைச் செம்மைப்படுத்தி 1958இல் நூலாக்கினார்.

அல்பேர்ட் எல்லிஸ், ஆரன் பெக் என்னும் அமெரிக்கர் இருவர் 1950களிலும் 1960களிலும் வேறொரு வழியைக் காட்டினார்கள். நம்மை வாட்டுவது நடந்த சம்பவம் மட்டுமன்று, அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமே என்றார்கள். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஒருவர் நினைத்தால், அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன என்று கேட்டு, அதை அவரோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பது இவர்கள் முறை.

கார்ல் றொஜர்ஸ் இவர்கள் எல்லாரிலும் வேறுபட்டவர். இளமையில் நியூயோர்க்கில் இறையியல் கற்கச் சென்று, பின் உளவியலுக்கு மாறியவர் அவர். ஒருவர் தம் உள்ளத்தை உணர்ந்து திருந்துவதற்கு உதவியாளரிடம் முக்கியமாக மூன்று பண்புகள் வேண்டும் என்று 1957இல் எழுதினார். அவை மற்றவருடைய உள்ளத்துக்குள் நின்று உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்தல், தம் அளவில் போலியின்றி இருத்தல் என்பன.

இக்கொள்கைகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு படம் எடுத்தார்கள். கணவனைப் பிரிந்த ஓர் இளந்தாய், றொஜர்ஸ், எல்லிஸ், பிரிட்ஸ் பேர்ள்ஸ் ஆகிய மூவரிடமும் தனித்தனியே பேசுகிறார். படத்தில் அவர் பெயர் குளோரியா. பேர்ள்ஸ், அவர் பயப்படுவதாகச் சொல்லிக்கொண்டே சிரிப்பதைக் கண்டு, அது நடிப்பு என்று முகத்துக்கு நேரே குற்றஞ்சாட்டுகிறார். அவருக்குக் கோபம் வருகிறது. எல்லிஸ், அவருடைய கூச்சத்துக்குப் பின்னாலிருக்கும் எண்ணங்களைப் பிரித்துக்காட்டி, ஓர் ஆசிரியரைப் போல விளக்குகிறார்.

றொஜர்ஸிடம் அவர் கொண்டு வந்ததோ ஒரு மனச்சாட்சிக் கேள்வி. அப்பாவைப் பிரிந்த பின் வேறொருவரோடு உறவு இருந்ததா என்று அவருடைய சிறு மகள் கேட்டிருக்கிறாள். தாய் இல்லை என்று பொய் சொல்லிவிட்டார். அந்தப் பொய் அவரை உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் மனம் கெட்டுவிடுமோ என்றும் அஞ்சுகிறார். சொல்லலாமா, கூடாதா, நீங்களே சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். றொஜர்ஸ் விடை சொல்லவில்லை. அவரே தம் விடையைக் காண உதவுவதற்குத் தாம் இருப்பதாக மட்டும் உணர்த்துகிறார்.

வாசகரே, இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சற்றுச் சினம் வரலாம். சரியும் பிழையும் உண்டென்று நம்பும் நாம், பொய் சொன்ன ஒருவரிடம் "அது பிழை" என்று சொல்லாதிருக்கலாமா? அது கோழைத்தனம் அல்லவா?

நானும் அப்படி நினைத்ததுண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள். தாம் பொய் சொன்னது அந்தத் தாய்க்குத் தெரியாதா? தெரிந்தபடியால்தானே வந்தார்? அவருடைய மனச்சாட்சி ஏற்கெனவே பேசிவிட்டது. அவருக்குக் குறைவாயிருந்தது தீர்ப்பன்று, துணிவே. "சொல்" என்று றொஜர்ஸ் கட்டளையிட்டிருந்தால், மகளுக்கு முன்னால் அவர் இரவல் வாக்கையே பேசியிருப்பார். "சொல்லாதே" என்றிருந்தாலோ, உறுத்தல் உள்ளேயே கிடந்திருக்கும். மனச்சாட்சி மனிதனுடைய மிக அந்தரங்கமான திருத்தலம் என்னும் கருத்தை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தன் ஏட்டில் வலியுறுத்தியது. திருத்தலத்துக்குள் போகிறவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் அல்லவா?

நாஸி வதைமுகாம்களில் துன்புற்று 1945இல் விடுதலையான வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கிள், வாழ்வின் பொருளைத் தேடுவதே மனிதனின் அடிப்படைத் தாகம் என்றார். கடமையையும் பொறுப்பையும் அவரைப் போல் அழுத்திச் சொன்னவர் சிலரே. ஆனால் அவரும், மருத்துவர் அந்தப் பொருளை எடுத்துக் கொடுக்க முடியாது, கண் வைத்தியரைப் போலப் பார்வையைத் தெளிவாக்கவே முடியும் என்றார்.

இம்முறைகளில் எது சிறந்தது? 1977ஆம் ஆண்டில் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்னும் ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உளச்சிகிச்சை பயன் தருகிறது. முறைக்கும் முறைக்கும் வேறுபாடு சிறிதே என்று கண்டார்கள். குறிப்பிட்ட சில பயங்களுக்கு நடத்தைச் சிகிச்சை நன்கு உதவுவதுண்டு. எனினும் எந்த முறையிலும் உதவுபவருக்கும் உதவி பெறுபவருக்கும் இடையே உள்ள நம்பிக்கை பெரும் பங்கு வகிக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஆகவே எப்போதும் வாய் மூடியிருப்பதே அறம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதென்றால், ஒரு பெண் வீட்டில் அடி வாங்குகிறாளென்றால், பேசாதிருப்பது பாவம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேட வேண்டும். கடுமையான மனநோய்க்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கேட்டிருந்தால்தான் ஆபத்து இன்னதென்று நமக்குத் தெரியவரும்.

செவிமடுப்பது அறிஞர்களுக்கு மட்டும் உரிய கலையுமன்று. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் அங்கிலிக்கன் குருவானவர், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோருக்காக ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். நேரிலும் பலர் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குச் சாதாரணத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசிய பலர், குருவானவரைக் காணத் தேவையில்லாமலே ஆறுதலடைந்து திரும்பினார்கள். அதைக் கண்ட அவர் அடுத்த ஆண்டே அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அதே வழியில் நம் நாட்டில் 1974இல் சுமித்ரயோ அமைப்புத் தோன்றியது.

தேநீர் நம் வீட்டிலும் உண்டு. அடுத்த முறை ஒருவர் துயரோடு வந்து உட்காரும்போது, கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்போமா? நம் புத்திமதி எங்கும் ஓடிப் போய்விடாது. ஒருவேளை அது தேவைப்படாமலே போகலாம்.