மொட்டை மாடிக்கு வந்த மயில் யாரைப் பார்க்க வந்தது?

ஓம் சரவணபவ.

போன மாசம் நம்ம குரூப்ல ஒரு வீடியோ சுத்துச்சு, நீங்களும் பார்த்திருப்பீங்க. பெருங்களத்தூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் மொட்டை மாடி, தண்ணித் தொட்டி மேல ஒரு ஆண் மயில், பின்னணியில கந்த சஷ்டி கவசம். "முருகன் வீடு தேடி வந்துட்டார்"னு எல்லாரும் போட்டாங்க. நானும் ரெண்டு கை கூப்பிப் போட்டேன். போட்ட அப்புறம் மனசு சரியில்ல.

எங்க வீடு நெடுங்குன்றம் பக்கம். வண்டலூர் காட்டுக்கும் எங்களுக்கும் அதிக தூரம் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்துக் காலி மனைப் புதருக்கு ஒரு பெண் மயில் நாலு குஞ்சோட வந்துச்சு. நான் கேட் முன்னாடி அரிசி, பொரி போட ஆரம்பிச்சேன். பத்தே நாள்ல காலையில ஆறு மணிக்கு டாண்ணு வந்து நிக்கும். "தினமும் வாகன தரிசனம்"னு ஸ்டேட்டஸ் வெச்சேன். ஒரு நாள் எழுந்திருக்க லேட் ஆயிடுச்சு. சத்தம் கேட்டு இறங்கி வரதுக்குள்ள தெரு நாய்ங்க ரெண்டு குஞ்சைக் கவ்விட்டுப் போயிடுச்சு. நாய் புதருக்குள்ளயும் போகும்தான். ஆனா அந்தக் குஞ்சுங்க சிமென்ட் தரையில, மறைவே இல்லாத இடத்துல காத்துட்டு நின்னது எனக்காக.

அதுக்கப்புறம்தான் மயில் ஒரு நாளை எப்படிக் கழிக்குதுன்னே கவனிச்சேன். ராத்திரி உயரமான மரத்துல அடையும். விடிஞ்சதும் இறங்கி வெட்ட வெளியில நடந்து மேயும். புல் விதை, கரையான், வெட்டுக்கிளி, பல்லி, சின்னப் பாம்பு, விழுந்த பழம், எதுவும் விலக்கில்ல. வெயில் ஏறினா புதர் நிழல். சாயங்காலம் மறுபடி மேய்ச்சல், திரும்ப மரம். குஞ்சுங்க தாய் கொத்துற இடத்தைப் பார்த்துப் பார்த்துதான் எது இரைன்னு கத்துக்கும். வளர்ற வயசுல அதுக்கு வேண்டியது பூச்சி. நான் கொடுத்தது பொரி.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், இங்க வீடே இல்லாத காலத்துல வந்தவர். "தம்பி, இந்த மதில் இருக்கிற இடத்துல அப்போ கள்ளி வேலி. அடியில நுழைஞ்சு ஏரிக்குப் போகும். இப்போ மேல ஏறிப் போகுது, அவ்ளோதான்"னார். அதாவது நான் தரிசனம்னு நினைச்சது, அதோட வேலைக்குப் போற வழி.

மயிலுக்காவது இறக்கை இருக்கு. தாம்பரத்துல கிறித்துவக் கல்லூரி 1937-ல வந்ததுலேருந்து காக்கிற 365 ஏக்கர் வளாகத்துல புள்ளிமான் இருக்கு. வண்டலூர்ல 602 ஹெக்டேர்ல உயிரியல் பூங்கா, பக்கத்துல காப்புக்காடு. அந்தப் பக்கம் நன்மங்கலம் காடு. எல்லாம் தனித்தனித் தீவு மாதிரி. நடுவுல ஜி.எஸ்.டி. ரோடு, ரயில் பாதை, பைபாஸ். மான் அதைத் தாண்டினா உயிரோட போய்ச் சேருமாங்கிறது சந்தேகம்தான். மயில் மதிலைத் தாண்டும், அதனாலதான் அது நம்ம போன்ல வருது.

2023 டிசம்பர், மிக்ஜாம் மழை ஞாபகம் இருக்கா? பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் ரோட்டுல ஒரு முதலை கடந்து போச்சு. "ஊருக்குள்ள முதலை புகுந்துடுச்சு"னு அலறினோம். மழையில ஏரி நிறைஞ்சா தண்ணி போற பக்கம் முதலையும் போகும். அதுவும் மயில் மாதிரி தன் வழியில போற ஜீவன்தான். ஒண்ணு வந்தா அருள், இன்னொண்ணு வந்தா அத்துமீறல். இந்தத் தீர்ப்பை எதை வெச்சு எழுதினோம்? பயம் நியாயம், முதலை கிட்ட யாரும் போக வேணாம். ஆனா அத்துமீறல்னு சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?

"அப்போ இரை போடறது புண்ணியம் இல்லையா, அன்னதானம் முருகனுக்குப் பிடிச்சதுதானே?"ன்னு அம்மா கேட்டாங்க. பசிச்சவனுக்குச் சோறு போடறது வேற. நடந்து, கிளறி, தேடித் தின்னத் தெரிஞ்ச ஒரு ஜீவனை நம்ம கேட்ல நிக்க வெக்கிறது வேற. ரெண்டாவதுல பசி யாருது? உண்மையைச் சொன்னா, என்னுது. காலையில அந்தத் தோகையைப் பார்க்கணும்னு எனக்குதான் பசி.

வள்ளியம்மையை நினைச்சுப் பாருங்க. தினைப்புனத்துல பரண் மேல உட்கார்ந்து, ஆலோலம் பாடி, கவண்ல கல் வெச்சுக் கிளிகளை ஓட்டினவ. கதைப்படி அவளே மான் வயித்துல பிறந்தவ. ஓட்டினா, ஆனா காட்டை அழிக்கல. கிளி வேற இடத்துல மேய இடம் இருந்தது. கொங்குப் பக்கம் விவசாயி இன்னிக்கும் மயிலை விரட்டிட்டுதான் இருக்கார். விதைச்சதைக் கிளறிட்டுப் போனா அவருக்கு அது தரிசனம் இல்ல, நஷ்டம். மயில் 1963-லேருந்து தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்துல உச்சப் பாதுகாப்பு. அதைக் கொல்லக் கூடாது. ஆனா தட்டைத் தட்டி விரட்டறவரைப் பாவின்னு கமென்ட் போட நமக்கு அருகதை இல்லைன்னு நினைக்கிறேன். வள்ளி செஞ்சதைத்தான் அவர் செய்யறார். அவ காலத்துல இருந்த காடுதான் இப்போ இல்ல.

நான் இரை போடறதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல் வாரம் வந்து கேட்டையே பார்த்துட்டு நின்னது, கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் வரல. இப்போ சில நாள் விடியக்காலையில அகவல் மட்டும் கேட்கும், காலி மனைக்குப் பின்னாடியிருந்து.

அந்த மனையைத்தான் இப்போ ஜே.சி.பி. வெச்சுச் சுத்தம் பண்ணணும்னு தெருவுல பேசறாங்க. பாம்பு பயம். பொய்ப் பயமும் இல்ல, எதிர் வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. என் பங்கு எண்ணூறு ரூபாய், இன்னும் கொடுக்கல. வீட்டுப் பக்கம் மட்டும் வெட்டிட்டு, பின்பக்கப் புதரை விட்டுடலாமான்னு கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை பேசலாம்னு சொல்லியிருக்காங்க.

வேலும் மயிலும் துணை.