எந்த மார்க்கைச் சொல்வது?



பரீட்சை முடிவுகள் வெளியாகும் மாதங்களில் நம் ஊர்ப் பெற்றோர் பலருடைய மனதை ஒரு கேள்வி உறுத்துகிறது. பிள்ளை ஒரே பரீட்சையை இரண்டு தடவை எழுதியிருக்கிறான். ஒரு தடவை மார்க் குறைவு. மறு தடவை நல்ல மார்க். கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது நல்லதை மட்டும் சொல்லி, மற்றதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா? "நல்லதைச் சொல்வதில் என்ன குற்றம்?" என்பார் ஒருவர். "மறைப்பதும் பொய்தானே?" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

முதலில் நடைமுறையைத் தெரிந்துகொள்வது நலம். பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வு 2019 முதல் ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் நடக்கிறது. இரண்டு தடவை எழுதியவனுக்குச் சிறந்த மதிப்பெண்ணையே தேர்வு முகமை தானாக எடுத்துக்கொண்டு தரவரிசை போடுகிறது. இங்கே மாணவன் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில், எந்த நாளில் எழுதிய மதிப்பெண்ணை அனுப்புவது என்று மாணவனே தெரிந்தெடுக்கும் வசதி 2009இல் வந்தது. ஆயினும் எல்லாக் கல்லூரிகளும் இதற்கு இசையவில்லை. சேசு சபை மரபில் வந்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், எழுதிய எல்லாத் தடவைகளின் மதிப்பெண்களையும் கேட்டு வந்திருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2021இல் கொரோனா நோயின் காரணமாகச் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கவில்லை. முந்தைய வகுப்புகளின் மார்க்கைக் கணக்கிட்டு முடிவு தரப்பட்டது. அதில் திருப்தியில்லாதவர்கள் பிறகு பரீட்சை எழுதலாம். ஆனால் பிறகு வாங்கிய மார்க்கே முடிவானது என்று வாரியம் விதித்தது. எழுதியவர்களில் சிலருக்கு மார்க் குறைந்துபோயிற்று. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அந்த விதியை நீக்கி, இரண்டில் நல்ல மார்க்கை மாணவர் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆக, நல்லதைத் தெரிந்தெடுப்பது எப்போதும் பொய்யல்ல, எப்போதும் குற்றமற்றதுமல்ல. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வாசகரே, இதை விளக்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன நம் முத்துச் சலாபத்தை நினைத்துப் பாருங்கள். குளிப்புக்கு முன்பே பாரைச் சோதிப்பது வழக்கம். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு என்ன பெறும் என்று அதைக் கொண்டே தெரியவரும். சலாபம் நடத்துவதா வேண்டாமா என்பதும் அதைப் பொறுத்தது. அந்த மாதிரியில் ஒருவன் நல்ல சிப்பிகளாகப் பொறுக்கிப் போட்டிருந்தால்? ஒவ்வொரு சிப்பியும் உண்மையான சிப்பிதான். ஆனால் மாதிரி பொய்யாகிவிடும். அதே முத்துகளில் மிகச் சிறந்ததை ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் அவரை ஒருவரும் பொய்யர் என்று சொல்லமாட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது கடையின் சிறந்த சரக்கு என்று பார்ப்பவருக்கும் தெரியும்.

விண்ணப்பமும் அப்படியே. "உன் சிறந்த மதிப்பெண் என்ன?" என்று கல்லூரி கேட்டால் அது கண்ணாடிப் பெட்டி. சிறந்ததை வைப்பதில் வஞ்சகம் கிடையாது. "நீ எழுதியவை எல்லாவற்றையும் சொல்" என்று கேட்டால் அது மாதிரிச் சிப்பி. அங்கே ஒன்றை ஒதுக்கிவிட்டால், மற்ற எண்கள் எல்லாம் சரியாயிருந்தாலும், சொன்ன பதில் பொய். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை என்று சமாதானம் சொல்லிக்கொள்வதால் எட்டாம் கற்பனைக்குத் தப்பிவிட முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் சாவான பாவங்களில் சிலவற்றை மட்டும் சொல்லிவிட்டு வரலாமா என்று நாம் கேட்பதில்லை அல்லவா? அங்கே கேட்கப்படுவது முழுவதும்.

கேள்வி ஒன்றும் கேட்கப்படாத இடத்தில் என்ன செய்வது? இதைப்பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வினாஸ் தம் பெரிய வேதசாஸ்திர நூலில் ஆராய்ந்திருக்கிறார். தானியம் விலையேறிய ஊருக்கு ஒரு வியாபாரி சரக்குக் கொண்டுபோகிறான். பின்னால் இன்னும் பலர் சரக்கோடு வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லியாக வேண்டுமா? நீதிப்படி கடமையில்லை, ஆனால் சொன்னாலோ, விலையைக் குறைத்தாலோ அது மேலான புண்ணியம் என்கிறார் அவர். வாங்குபவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ தரும் மறைந்த குறையை மட்டும் விற்பவன் கட்டாயம் சொல்லவேண்டும். அடிப்பலகை உளுத்த வள்ளத்தைச் சாயம் பூசி விற்பவன் உயிருக்கே உலை வைக்கிறான். முதல் தடவை தடுமாறி, மறு தடவை படித்துத் தேறிய பிள்ளையின் பழைய மார்க் அப்படிப்பட்ட உளுத்த பலகையல்ல. கேளாதபோது அதைச் சொல்லாமலிருப்பது பாவமாகாது.

ஆனால் விதி அனுமதிப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. இரண்டு தடவை எழுத யாருக்கு முடிகிறது? ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு, பயணம் உண்டு, பயிற்சி வகுப்புக்குப் பணம் வேண்டும். கடலுக்குப் போகும் தகப்பனின் மகள் ஒருத்தி, வீட்டு வேலைக்கு நடுவே படித்து ஒரே தடவை எழுதியிருக்கலாம். அவளுடைய ஒரே மார்க்கும், இன்னொருவனுடைய பல தடவைகளில் சிறந்த மார்க்கும் காகிதத்தில் சமமாகத் தெரியும். இந்தக் குறையை நீக்குவது முதலாவது கல்லூரிகளின் பொறுப்பு. வசதியுள்ளவனுக்கும் ஒரு கடமை உண்டு. தான் ஏறிவந்த படிகள் எத்தனை என்பதை அவன் மறக்கலாகாது. ஒரே படியில் நின்றவளைத் திறமை குறைந்தவள் என்று எண்ணவும் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "எல்லா மார்க்கையும் தா" என்ற இடத்தில், "அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? விட்டுவிடு" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். கல்லூரி இடம் நான்கு வருஷத்தில் முடிந்துவிடும். தகப்பனே கற்றுக்கொடுத்த பொய் அவன் கணக்கெழுதும் காலத்திலும், சரக்கு நிறுக்கும் காலத்திலும், சாட்சி சொல்லும் காலத்திலும் கூடவே வரும். அந்தப் பொய்யால் அவன் பிடிக்கும் இடம் முகம் தெரியாத வேறொரு பிள்ளையினுடையது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. குறைந்த மார்க்கைக் கல்லூரிக்குச் சொல்லாமலிருக்க உங்களுக்கு உரிமை இருக்கலாம். உங்களுக்கு நீங்களே மறைத்துக்கொள்ள உரிமையில்லை. எந்தப் பாடத்தில் எதனால் தவறினோம் என்று சொல்லித்தருவது அந்தத் தாள்தான். அதைக் கிழித்தெறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் விண்ணப்பத்தை நிரப்புமுன் கேள்வியை இரண்டு தடவை வாசியுங்கள். சிறந்ததைக் கேட்டிருந்தால் கூச்சமின்றிச் சிறந்ததை எழுதுங்கள். எல்லாவற்றையும் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். கேள்வி விளங்காவிட்டால் உங்களுக்குச் சாதகமாக ஊகித்துக்கொள்ளாமல், கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். ஒரு கடிதத்தின் செலவுதான், மனச்சாட்சி நிம்மதியாயிருக்கும்.