கடன் மீட்பும் கொல்லா நோன்பும்

அறநெறி பேணும் இல்லறத்தீர்! விற்ற சரக்கின் நிலுவையைக் கேட்டுப் பெறுதல் குற்றமன்று. அது நம் உரிமையே. ஆயின், வசூலுக்கென நாம் அமர்த்திய முகவர், கடன்பட்டவர் வாசலில் நின்று, அவர்தம் பிள்ளைகள் கேட்க இழிசொல் கூறினால், 'நாம் ஒன்றும் சொல்லவில்லையே' எனத் தப்ப இயலுமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது ஜினதர்மம். மீட்ட பணத்தில் பங்கு என்னும் கூலியே முகவரின் கடுமைக்குத் தூண்டுகோல். அக்கூலியைத் தருபவர் நாமன்றோ?

வேறு வழிகள் உள. கணக்கைக் காட்டித் தவணை பேசுவோம். வழக்கறிஞர்வழி அறிவிப்பு அனுப்புவோம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகு கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசமும் காணலாம்.

வாராக் கடனின் நட்டம் இப்பிறவியோடு கழியும். ஏவிய வினையோ மறுமைக்கும் உடன்வரும். சிந்தித்துச் செயற்படுவோமாக.