கடனும் நாணமும்

கடன் பட்டவன் நாண வேண்டுமா? ஆம் என்று உடனே விடையிறுப்போர் பலர். அந்நாணம் எப்போது தோன்ற வேண்டும் என்று ஆராய்வோர் சிலரே. கடன் அட்டை பெருகிய இக்காலத்தில் விடை காண வேண்டியது அந்த இரண்டாம் வினாவுக்கே.

மலேசியத் தோட்டப்புறங்களில் முன்னாளில் மளிகைக் கடன் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் ஏறியது. மேலட்டையில் அச்சிட்ட எண்ணைக் கொண்டு அதனை '555 புத்தகம்' என்றனர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று கடைக்காரர் எழுத, வாங்குபவர் எதிரே நிற்பார். சம்பள நாளன்று அதே முகத்தின் முன் நின்று கணக்கைத் தீர்க்க வேண்டும். எழுத்தறியாதவர் ஏமாற இடமளித்த ஏற்பாடுதான் அது. ஆயினும் அக்கடனுக்கு ஒரு முகம் இருந்தது. கை நீளும் முன்னரே நாணம் வந்து நின்று, 'இம்மாதம் இது போதும்' என்று சொல்ல வைத்தது.

கடன் அட்டைக்கு முகமில்லை. அட்டையை நீட்டுபவரைக் கடை வரவேற்கிறது. பணமில்லாதவரும் அங்கே செல்வராகவே மதிக்கப்படுகிறார். நாணம் தோன்ற அவ்விடத்தில் வழியில்லை. அது ஒரு திங்கள் கழித்து, கணக்கறிக்கை வரும் நாளில் தோன்றுகிறது. அப்போது அதனால் தடுக்க இயலாது, மறைக்கவே இயலும். கணவன் மனைவியிடம் மறைக்கிறான். மகள் தந்தையிடம் மறைக்கிறாள். பிரிக்காத கடிதங்கள் மேசை அறையில் குவிகின்றன. ஓர் அட்டையின் கடனைத் தீர்க்க இன்னோர் அட்டை வருகிறது. காக்க வேண்டிய நாணம், காலந்தாழ்ந்து வந்தமையால் கேடாகிறது.

மறைப்பின் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். மலேசியாவில் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி உண்டு. 10,000 ரிங்கிட் நிலுவைக்கு முதல் மாத வட்டி மட்டும் 150 ரிங்கிட். வங்கி கேட்கும் குறைந்த அளவுத் தொகையோ நிலுவையில் 5 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ 500 ரிங்கிட். கடன் குறையக் குறைய இத்தொகையும் குறையும். பார்ப்பதற்கு இது கருணை போலத் தோன்றும். ஆனால் அதனை மட்டுமே செலுத்தி வருபவர் புதிதாக ஒன்றும் வாங்காவிடினும், இரண்டு ஆண்டு முடிவில் 4,100 ரிங்கிட்டுக்கு மேல் கடன்பட்டிருப்பார். ஐந்து ஆண்டு முடிவிலும் 1,100 ரிங்கிட்டுக்கு மேல் எஞ்சியிருக்கும். அவரே முதல் மாதத்து 500 ரிங்கிட்டைக் குறைக்காமல் தொடர்ந்து கட்டியிருப்பின், 24 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்திருக்கும்.

இவ்விரண்டு வழிகளையும் பிரிப்பது பெருஞ்செல்வம் அன்று, மன உறுதியே. அவ்வுறுதியைத் தனியொருவர் ஒளிவாகக் காப்பது அரிது. மாதந்தோறும் 500 ரிங்கிட் ஒதுக்க வேண்டுமாயின், வீட்டில் உள்ளோர் அனைவரும் அதனை அறிந்திருக்க வேண்டும். ஆகவே, கடன் தீர்க்கும் முதற்படி உண்மை உரைத்தல் ஆகும். எல்லா நிலுவைகளையும் ஒரே தாளில் எழுதி, குடும்பத்தின் முன் வைத்து, அட்டையை அப்புறப்படுத்துவதே தொடக்கம். தம்மால் இயலாதவர்க்குத் துணையும் உண்டு. மலேசிய நடுவண் வங்கி 2006ஆம் ஆண்டில் தோற்றுவித்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே., கட்டணமின்றி வழிகாட்டுகிறது.

பழியனைத்தும் கடன்பட்டவர்க்கே உரியதோ? அன்று. நோயாலும் வேலையிழப்பாலும் கடன்பட்டோர் உளர். அவர்களை ஊதாரிகள் என்பது அறமாகாது. தாங்கும் வலிமையை எண்ணாது கடன் வழங்குவோர்க்கும் பொறுப்பு உண்டு. ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்க்கு இரண்டு நிறுவனங்களின் அட்டைகளே போதும் என்றும், ஒவ்வொரு நிறுவனமும் தரும் கடன் வரம்பு மாத வருமானத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டலாகாது என்றும் நடுவண் வங்கி 2011இல் விதித்தது இதனை உணர்த்தும். எனினும் வேலி பிறர் போட்டது. அளவறிதல் அவரவர் கடமை. வரவு செலவு பற்றிய கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்துள் வைத்தார். சிக்கனத்தை அவர் வறியவரின் ஒடுக்கமாகக் கருதவில்லை. ஆள்வோர்க்கும் வேண்டிய வலிமையாகவே கண்டார்.

அவ்வலிமைக்குச் சான்று இந்நாட்டிலேயே உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்த்தனர். தாம் உழைத்த தோட்டங்களைப் போன்றவற்றையே அச்சேமிப்பால் அவர்கள் வாங்கினர். கடனாளியும் மாதந்தோறும் ஒரு தொகை கட்டுகிறார்; அவர்களும் கட்டினர். அவர் செலுத்துவது கழிந்துபோன நேற்றுக்கு. அவர்கள் செலுத்தியது வரவிருந்த நாளைக்கு. கடன் தீர்ந்த மறுமாதமே அந்த 500 ரிங்கிட்டைச் சேமிப்பில் இடுபவர், நேற்றை விட்டு நாளையின் பக்கம் வந்துவிடுகிறார்.

கடன் பட்டவன் நாண வேண்டுமா? வாங்கும் முன் நாணுக, அது காவல். வாங்கிய பின் நாணத்தை விடுத்து வாய் திறக்க, அதுவே மீட்சி.