வளையத்தின் இடைவெளி

நாமக்கல்லில் லாரி இயந்திரங்களைப் பிரித்துச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் ஒரு பிற்பகலைக் கழிக்க நேர்ந்தது. டர்போ பொருத்திய டீசல் இயந்திரம் ஒன்று பலகையின்மேல் இருந்தது. தொழில் பழகும் இளைஞன் ஒருவன் புதிய பிஸ்டன் வளையத்தைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, வளையம் சாயாமல் மட்டமாக அமரும்படி அழுத்தினான். வளையத்தின் இரு முனைகளும் ஏறக்குறைய ஒட்டி நின்றன. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு உள்ளே நுழையவில்லை. அவன் முகத்தில் மகிழ்ச்சி.

“ஒட்டினாப்பல இருந்தா நல்லதுதானே அண்ணே, காத்து கசியாதே?”

“இப்ப நல்லாத்தான் இருக்கும். சூடேறட்டும், அப்பத் தெரியும்” என்ற மூத்த மெக்கானிக், வளையத்தை வெளியே எடுத்து, முனையை நுண்ணிய அரத்தால் சில முறை தேய்த்து, மீண்டும் உள்ளே இட்டு அளந்தார். தேய்ப்பதும் அளப்பதுமாகப் பலமுறை செய்த பிறகே அவருக்கு நிறைவு ஏற்பட்டது.

எரியும் வாயு கீழே கசியாமல் காப்பதே இவ்வளையத்தின் கடமை. காக்க வேண்டிய பொருளிலேயே இடைவெளி வைப்பது முரண்பாடு அன்றோ? 1850களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் நீராவி இயந்திரங்களுக்குப் பிளவுபட்ட உலோக வளையத்தை அமைத்த காலந்தொட்டு, வெட்டுண்டிருப்பதே வளையத்தின் இயல்பாயிற்று. வெட்டு இருப்பதால்தான் அது சுருளுக்குரிய விசையுடன் விரிந்து சுவரை அணைக்கிறது.

வெப்பம் ஏறும்போது இரும்பு நீள்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு 314 மில்லிமீட்டர். வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். நீரால் குளிர்விக்கப்படும் சிலிண்டர்ச் சுவர் அந்த அளவுக்கு விரிவதில்லை. ஆகவே இடைவெளி சுருங்கும். சுருங்குவதற்கும் இடமில்லாமல் முனைகள் ஒன்றையொன்று முட்டினால், வளையம் சுவரையே கீறத் தொடங்கும். வளையம் உடையலாம், பிஸ்டனும் உடையலாம்.

டர்போ இயந்திரத்தில் இந்த இடர் மிகுதி. வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் முறைக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருள் மிகும், வெப்பமும் மிகும். எனவே, டர்போ இல்லாத இயந்திரத்தில் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் 4 பங்கு அங்குலம் இடைவெளி விடுவோர், டர்போ உள்ளதில் 6 பங்கு அளவுக்கு விடுவதுண்டு. முடிவான அளவு, செய்தவர் தரும் குறிப்பேட்டைப் பொறுத்தது. உழைப்பின் சுமை கூடக் கூட இடைவெளியும் கூட வேண்டும் என்பதே இதன் பொருள்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. குளிர்ந்த இயந்திரத்தில் காற்றைச் செலுத்திக் கசிவைச் சோதித்தால், இறுக்கமான வளையமே நற்சான்று பெறும். அந்தச் சான்றைக் காட்டிப் பாராட்டுப் பெறுபவர் பட்டறையில் இருக்கிறார். முழுப் பாரத்துடன் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஓட்டுநரோ பழுதின் துன்பத்தைத் தனியே சுமக்கிறார். வெப்பத்தில் நில்லாதவர், வெப்பத்தில் நிற்பவருக்காக அளவு குறிக்கும்போது எதை மனத்திற் கொள்ள வேண்டும்?

அறம் இரு மிகைகளுக்கு நடுவே உள்ளது என்று கற்பித்த அரிஸ்டாட்டில், நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூலில் வேறொன்றும் சொல்கிறார். இரு தவறுகளும் ஒரே அளவினவல்ல. நடுவைத் துல்லியமாகத் தொடுவது அரிதாகையால், பெருந்தவறிலிருந்தே முதலில் விலக வேண்டும் என்பது அவர் கருத்து. இடைவெளி சற்றுக் கூடினால் சிறிது வாயு கசியும், சிறிது ஆற்றல் குறையும். குறைந்தாலோ இயந்திரமே அழியும்.

இதைக் கேட்டபோது என் ஆசிரியப் பணியின் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. காலை மணி அடித்தபின் வாயிற்கதவு திறக்கப்படலாகாது என்ற விதியை ஒரு ஜூன் மாதத்தில் எழுதியவன் நான். அமைதியான அறையில், மின்விசிறியின் கீழ் எழுதினேன். அவ்விதி குறையற்றதாகவே தோன்றியது. சில மாதங்களுக்குப் பின், நோயுற்ற தாயை மருத்துவமனையில் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் தாமதித்து வந்த மாணவன் ஒருவன், மூடிய கதவின் முன் சற்று நின்று திரும்பிப் போனான். அவ்வாண்டு அவன் மீண்டும் வரவேயில்லை. அந்தப் பத்து நிமிடத்தை விதி அனுமதித்திருந்தால் சோம்பேறிகள் சிலரும் நுழைந்திருப்பர், உண்மைதான். அது தாங்கக்கூடிய கசிவு. நான் இழந்ததோ ஒரு மாணவனை.

அப்படியானால் கதவை நாள் முழுதும் திறந்து வைக்கலாமா? அதுவும் தகாது. இடைவெளி அளவு மீறினால் எரிந்த வாயு கீழிறங்கி எண்ணெயைக் கெடுக்கும். மிகுதியாகத் தேய்த்த வளையத்தில் உலோகத்தை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. அதை எறிந்துவிட வேண்டியதுதான். ஆகவே அந்த மெக்கானிக் தம் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டார். சிறிது தேய்த்தார், அளந்தார், மீண்டும் சிறிது தேய்த்தார். அவர் விட்ட இடைவெளியில் கவனக்குறைவு சிறிதும் இல்லை. இனி வரப்போகும் வெப்பத்தை எண்ணி, குளிர்ந்திருக்கும்போதே செய்த கணக்கு அது.

வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாம் பிறருக்கு விதிகள் வகுக்கிறோம். அவற்றைப் பெரும்பாலும் குளிர்ந்த வேளையிலேயே வகுக்கிறோம். முனைகள் ஒட்டி நிற்கக் கண்டு மகிழுமுன், அவ்விதி எவருடைய வெப்பத்தில் உழைக்கப் போகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். அக்கேள்வியை அந்த ஜூன் மாதத்தில் நான் கேட்கவில்லை.