நம்பியின் தண்ணீர்க் குடம்

பணி ஓய்வுக்குப் பின் பலருடைய உள்ளத்தில் எழும் குழப்பம் ஒன்று உண்டு. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். வாசலில் நாலு செடிகள் பூக்கின்றன. கோயிலுக்குச் சென்றுவர நேரமும் இருக்கிறது. ஆயினும் ஏதோ ஒரு வெறுமை. சிலருக்கோ, 'இவர்கள் என்னுடையவர்கள்' என்னும் பிடி முன்னைவிட இறுகிவிடுகிறது. இல்லறத்தில் இருந்துகொண்டே இவ்விரண்டையும் கடந்த ஒரு முதியவரைத் திருமலை அறியும்.

ஆளவந்தாரின் சீடரான பெரிய திருமலை நம்பி, குருவின் விருப்பப்படி திருமலையில் தங்கித் தொண்டு செய்தவர், இராமானுஜரின் தாய்மாமன். நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்துவந்து திருவேங்கடவனின் திருமஞ்சனத்துக்குத் தருவது அவர் ஏற்ற பணி. கோயிலிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இன்று பேருந்து செல்லும் அப்பாதை, 11-ஆம் நூற்றாண்டில் காடு.

முதுமையில் ஒருநாள், வேடச் சிறுவன் ஒருவன் 'தாதா' என்று அழைத்துக் குடிக்க நீர் கேட்டான். பெருமாளுக்கு உரியதைத் தர இயலாது என்று நம்பி நடந்தார். பின்தொடர்ந்தவன் அம்பால் குடத்தைத் துளைத்து நீரைப் பருகிவிட்டான். இந்த வயதில் மீண்டும் அவ்வளவு தூரமா என்று அவர் கலங்கி நிற்க, சிறுவன் அருகிலிருந்த மலைமீது அம்பெய்தான், அருவி பாய்ந்தது. சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆகாச கங்கை தோன்றியது இவ்வாறு என்பது மரபு. நம்பியின் வமிசத்தார் தாதாசாரியர் என அழைக்கப்படுவதும் அந்த ஒரு சொல்லால்தான். இன்றும் ஆண்டுதோறும் அத்யயன உற்சவத்தின் நிறைவையொட்டித் தண்ணீரமுது உற்சவத்தில், அவர் வழிவந்தோர் ஆகாச கங்கை நீரைச் சுமந்துவருகிறார்கள்.

இறைவன் வழியைச் சுருக்கினான், குடத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அதை இறக்கி வைக்கும்படி நம்பியும் வேண்டவில்லை.

இராமானுஜர் மலையேறி வந்தபோது, பிரசாதத்துடன் எதிர்கொண்டு அழைக்க நம்பி தாமே வந்தார். ஒரு சிறுவனை அனுப்பியிருக்கலாகாதா என்று மருமகன் பதறினார். எங்கும் தேடியும் தம்மினும் சிறியவர் எவரையும் காணவில்லை என்றார் மாமன். பின்னர் ஓராண்டுக் காலம் மலையடிவாரத்தில் இராமானுஜருக்கு ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளை உரைத்தார். கால்களுக்கு மிச்சமான தூரத்தை அவர் தமக்காக வைத்துக்கொள்ளவில்லை போலும்!

எனினும், குடத்தினும் கனமான சுமை ஒன்று நம்பியின் இல்லத்திலேயே இருந்தது. மற்றொரு சகோதரியின் மகனான கோவிந்தர், காளஹஸ்தியில் சிவவழிபாட்டில் ஆழ்ந்திருந்தவர். (நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காளஹஸ்தியும் திருப்பதியும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளன.) நம்பி அங்கே சென்று, பொறுமையோடு உரையாடி, அவரைத் தம்மிடம் அழைத்துவந்தார். இதில் சமயப் போட்டியைக் காண்பவர்கள் காணட்டும். நமக்குப் புலப்படுவது, மருமகனைத் தேடி நடந்த மாமனின் அன்பே.

கோவிந்தரும் அந்த அன்புக்குத் தகுந்தவராக இருந்தார். ஆசாரியருக்கு விரித்த படுக்கையில் தாம் முதலில் படுத்து, உறுத்துகிறதா என்று பார்ப்பார். அது குற்றமல்லவா என்று கேட்டதற்கு, நரகம் தமக்கு நேரட்டும், நம்பியின் உறக்கம் இனிதானால் போதும் என்றாராம். முள் தைத்துத் துடித்த பாம்பின் வாயில் கையிட்டு, அந்த முள்ளை எடுத்துவிட்டவரும் அவரே.

இவற்றைக் கண்ட இராமானுஜர், ஓராண்டு நிறைந்து விடைபெறும்போது, கோவிந்தரைத் தமக்குத் தருமாறு வேண்டினார். முதுமையில் ஊன்றுகோலாக இருக்கக்கூடிய பிள்ளை! நம்பி தயங்காமல் தத்தம் செய்து கொடுத்தார்.

பிரிவாற்றாமையால் கோவிந்தர் வழியிலேயே வாடினார். அதைக் கண்ட இராமானுஜர், ஆசாரியரை ஒருமுறை சேவித்து வரும்படி அவரைத் திருப்பி அனுப்பினார். வாசலில் வந்து நின்றவரை நம்பி வரவேற்கவில்லை, உணவும் அளிக்கவில்லை. பசியோடு வந்த பிள்ளைக்குச் சிறிது பிரசாதமாவது தரலாகாதா என்று மனைவியார் உருகினார். விற்ற பசுவுக்கு விற்றவர் புல் இடுவது உண்டோ என்றார் நம்பி.

கோவிந்தர் அந்தப் பசியோடே இராமானுஜரிடம் திரும்பினார். பிற்காலத்தில் எம்பார் என்னும் பெயர் பெற்று, இராமானுஜருக்குப் பின் ஆசாரிய பீடத்தில் அமர்ந்தவர் அவர்தாம்.